கம்பள மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கலாமா?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரப் புறங்களில், வீட்டின் மேற்கூரைக்கும் உட்கூரைக்கும் இடையேயுள்ள இடைவெளியில், கனமான கயிற்றை யாரோ இழுத்துச் செல்வது போன்ற ஓசை இரவு நேரங்களில் கேட்பதுண்டு. நெடுநாள் குடியிருப்பவர்கள் அதைக் கேட்டுப் பதறுவதில்லை. கம்பள மலைப்பாம்பு எலி தேடிப் புறப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அதே நகரில் வேறு சில வீடுகளில் அதே இனப் பாம்பு கண்ணாடிப் பெட்டிக்குள் வெப்ப விளக்கின் அடியில் செல்லப் பிராணியாகச் சுருண்டு கிடக்கும்.

நாய், பூனை, கிளி, மீன் ஆகியவற்றை வளர்ப்போரை நாம் அறிவோம். மலைப்பாம்பை வளர்ப்போரும் உலகில் பல நாடுகளில் இருக்கின்றனர். "இதில் என்ன இன்பம்?" என்று முகம் சுளிப்பவர்களும், "இதைவிடத் தொல்லையில்லாத பிராணி வேறு ஏது?" என்று கேட்பவர்களும் உண்டு. இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. அவ்வுண்மைகளை எடைபோட உயிரியல் மட்டும் போதாது. வெப்பம் பற்றிய இயற்பியலும் வேண்டும். எனவேதான் இயற்பியல் ஆசிரியனாகிய நான் பாம்பைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

இப்பாம்பு எத்தகையது?

இதன் அறிவியற் பெயர் மொரீலியா ஸ்பைலோட்டா. பிரெஞ்சு இயற்கையியல் அறிஞர் லாசெப்பேட் 1804இல் இதற்குப் பெயரிட்டு விவரித்தார். ஆஸ்திரேலியாவின் பெரும் பகுதியிலும் அதன் வடக்கேயுள்ள நியூகினித் தீவிலும் இது வாழ்கிறது. உடல் முழுவதும் பழுப்பு, கறுப்பு, வெளிர்மஞ்சள் நிறங்களில் திட்டுகளும் பட்டைகளும் கலந்து, நெய்த கம்பளம் போலத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. காய்ந்த சருகுகளின் மேல் அசையாமல் கிடந்தால் அருகில் நின்றாலும் கண்ணுக்குப் புலப்படாது.

இவ்வினத்தில் பல வகைகள் உண்டு. குவீன்ஸ்லாந்து மழைக்காட்டில் வாழ்வது பளிச்சென்ற மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். சிட்னி நகரையொட்டிய குளிர்ந்த கரையோரத்தில் வாழும் வகைக்கு 'வைர மலைப்பாம்பு' என்று பெயர். கரிய உடலில் மஞ்சள் புள்ளிகள் பதித்தாற்போல் இருக்கும். வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 2 மீட்டர் முதல் 2.5 மீட்டர் வரை நீளமுடையது. கிழக்குக் கரை வகையில் 3 மீட்டரைத் தாண்டுவனவும் உள்ளன. நஞ்சு கிடையாது. இரையைப் பற்களால் கவ்வி, உடலால் சுற்றி இறுக்கிக் கொல்லும். தரையிலும் மரத்திலும் சமமாகப் புழங்கும். இரவில் வேட்டையாடும். இந்த அளவில் அறிமுகம் போதும். நம் கேள்விக்கு முக்கியமானது அதன் உடலுக்குள் நடக்கும் கணக்கு.

வெப்பத்தை வெளியே வாங்கும் உடல்

பாம்பைக் குளிர் இரத்தப் பிராணி என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். இச்சொல் நம்மைத் திசைதிருப்புகிறது. வெயிலில் கிடந்துவிட்டு வந்த பாம்பின் இரத்தம் நம் இரத்தத்துக்கு ஏறக்குறைய இணையான வெப்பநிலையில் இருக்கக்கூடும். வேறுபாடு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உள்ளது. நாம் உண்ணும் சோற்றின் ஆற்றலில் பெரும்பகுதி உடலை 37° செ. அளவில் வைத்திருப்பதற்கே செலவாகிறது. பாம்போ அந்த வெப்பத்தைச் சூரியனிடமும், சூடான பாறையிடமும் இலவசமாகப் பெற்றுக்கொள்கிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டரைக் கிலோகிராம் எடையுள்ள ஒரு பூனை சும்மா படுத்திருக்கும்போதே ஏறத்தாழ 7 வாட் ஆற்றலைச் செலவிடுகிறது. அதே எடையுள்ள மலைப்பாம்பு, 30° செ. வெப்பநிலையில் ஓய்வாகக் கிடக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவிடுவதில்லை. ஆகவேதான் பூனைக்கு நாள்தோறும் உணவு வேண்டியிருக்க, வளர்ந்த மலைப்பாம்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஓர் எலி போதுமானதாகிறது.

ஆனால் அதனைப் பெட்டிக்குள் அடைத்தவுடன் சூரியன் இல்லாமற்போகிறது. சூரியன் செய்த வேலையை வளர்ப்பவர் ஏற்க வேண்டும். பெட்டியின் ஒரு முனையில் 32° செ. அளவுக்குச் சூடான இடமும், மறுமுனையில் 25° செ. அளவுக்குக் குளிர்ந்த இடமும் அமைக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே பாம்பு தானே நகர்ந்து தனக்கு வேண்டிய வெப்பநிலையைத் தேடிக்கொள்ளும். இதற்கு 60 வாட் விளக்கு ஒன்று நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரம் ஆகும். ஒரு வாட்டுக்கும் குறைவாகச் செலவிடும் உயிருக்கு 60 வாட் விளக்கு! உணவில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணமாகச் செலுத்துகிறோம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வளர்ப்போர் கூறும் நன்மைகள்

குரைக்காது, கத்தாது, மரச்சாமான்களைக் கடித்துக் குதறாது. மயிர் உதிர்வதில்லை. ஆகவே பூனை, நாய் மயிரால் மூச்சுத்திணறல் வருவோரும் வளர்க்கலாம். உணவு வைத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும், வெப்பமும் நீரும் சரியாக இருந்தால் பாம்புக்குக் குறையொன்றுமில்லை. பெட்டியைத் தூய்மை செய்வதும் நாள்தோறும் செய்ய வேண்டிய பெரிய வேலையாக இராது.

கம்பள மலைப்பாம்பின் குட்டி சற்று முன்கோபமுடையது. முட்டையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்தே கையைக் கண்டால் பாய்ந்து கடிக்கும். காட்டில் அதை விழுங்கப் பறவைகளும் பல்லிகளும் காத்திருக்கையில், அது வேறென்ன செய்யும்? மனிதரிடையே வளர வளர இக்குணம் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. தோளில் ஏறி நிதானமாக ஊர்ந்து செல்லும் பாம்புகள் ஏராளம். பாம்பு நம்மை நேசிக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டா. நம் உடல் வெதுவெதுப்பான ஒரு மரம், அவ்வளவே.

எனினும் ஒரு பெரிய நன்மையை நான் ஒப்புக்கொள்வேன். பாம்பைத் தொட்டுப் பார்த்தவனுக்கு, அது வழவழப்பாக ஈரமாக இருக்கும் என்ற பொய் அந்தக் கணமே விலகிவிடும். சட்டை உரிப்பதையும், தாடை விரிந்து தன் தலையைவிடப் பெரிய இரை உள்ளே செல்வதையும் மாதக்கணக்கில் கவனித்துக் குறிப்பெடுத்த மாணவன் விலங்கியலில் ஒரு பகுதியை நேரில் கற்றவனாகிறான்.

நிதானம் மறைக்கும் பிழைகள்

இந்த நன்மைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. பாம்பு மிக நிதானமாக வாழ்கிறது. தீமைகளுக்கும் அதுவே வேர் என்பதுதான் இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது.

பூனைக்கு இரண்டு நாள் உணவில்லையென்றால் வீடே அதிரும். நாய்க்குக் குளிர்ந்தால் முனகும். மலைப்பாம்பு உணவின்றிப் பல மாதங்கள் கிடக்கும். வெப்பம் போதாவிட்டால் இன்னும் அசையாமல் கிடக்கும். பார்ப்பவருக்கு அது அமைதியாக உறங்குவது போலத்தான் தோன்றும். உடலின் வேதிமாற்றங்கள் வெப்பநிலையைச் சார்ந்தவை. குளிர்ந்த உடலில் செரிமான நொதிகள் மெல்ல வேலை செய்கின்றன. விழுங்கிய எலி செரிப்பதற்குள் அழுகத் தொடங்கிவிடும். சில நாட்களில் பாம்பு அதைக் கக்கிவிடும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் குறையும். மூச்சுக்குழாயில் சளி கட்டும். வளர்ப்பவர் இதை உணர்வதற்குள் பல வாரங்கள் ஓடியிருக்கும். இத்தகைய பிராணியை உயிரோடு வைத்திருப்பது எளிது. நலமாக வைத்திருப்பது கடினம். இவ்விரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவதுதான் இடர்.

பெட்டிக்குள் தெர்மோஸ்டாட் பொருத்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அதை எங்கே பொருத்துகிறோம் என்பது கேள்வி. பெட்டியின் மேலே பொருத்திய சாதாரணக் குமிழ் விளக்கிலிருந்து 30 செ.மீ. கீழே, தரையில் வெப்பநிலையை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அளவு சரியாகவே இருக்கிறது. ஆனால் கம்பள மலைப்பாம்பு மரமேறும் இயல்புடையது. பெட்டிக்குள் வைத்த கிளையில் ஏறி விளக்கிலிருந்து 15 செ.மீ. தொலைவில் படுத்துவிட்டது. தொலைவு பாதியானால் கதிர்வீச்சின் செறிவு நான்கு மடங்காகும் என்ற எதிர்த்தகவு இருமடி விதியைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? தரையில் நிதானமான வெப்பம், கிளையில் சுட்டெரிக்கும் வெப்பம். சில பாம்புகள் விளக்கையே சுற்றிக்கொண்டு படுத்துவிடும். மிகையாகச் சூடான பரப்பில் கிடந்து தோல் வெந்துபோன பாம்புகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்க்கின்றனர். ஆகவே விளக்குக்குக் கம்பிவலைக் கூடு போடுவதும், பாம்பு உண்மையில் படுக்கும் இடத்தில் வெப்பநிலையை அளப்பதும் இன்றியமையாதவை.

வெப்பம் மிகுந்தாலும் தீமை உண்டு. முன்னர்க் கூறிய வைர மலைப்பாம்பு குளிர்காலத்தை உடைய சிட்னிக் கரையோரத்துக்கு உரியது. அங்குக் குளிர்மாதங்களில் அது பெரும்பாலும் உண்பதில்லை. வெயில் கிடைக்கும் நாளில் காய்ந்துவிட்டு ஒடுங்கிக் கிடக்கும். மற்ற மலைப்பாம்புகளுக்குப் போலவே இதற்கும் ஆண்டு முழுவதும் வெப்பமண்டல வெப்பம் கொடுத்து வளர்த்தவர்கள் ஒன்றைக் கண்டனர். பாம்புகள் சில ஆண்டுகள் நன்றாக வளர்ந்தன. பின்னர் தசை தளர்ந்து, எலும்பு கெட்டு, இளமையிலேயே இறந்தன. வளர்ப்போரிடையே இதற்கு 'வைர மலைப்பாம்பு நோய்' என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது. இடைவிடாத வெப்பமும் போதிய சூரிய ஒளியின்மையும் காரணங்களாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அக்கறையோடு செய்த பிழை, ஆண்டுக்கணக்கில் தன்னை வெளிக்காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெட்டியின் அளவிலும் இதே மயக்கம் உண்டு. பாம்பு எப்போதும் சுருண்டுதானே கிடக்கிறது, சிறிய பெட்டி போதாதா? நீண்ட காலம் இப்படித்தான் எண்ணப்பட்டது. ஆனால் பாம்பு நீட்டிப் படுப்பதற்கும் காரணங்கள் உள்ளன. குறைந்தது தன் முழு நீளத்துக்கு நீண்டு கிடக்க இடம் வேண்டும் என்ற கருத்து இன்று வலுப்பெற்று வருகிறது. சிட்னிப் பகுதியில் வைர மலைப்பாம்புகளின் உடலுக்குள் சிறு வானொலிக் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தபோது, ஓர் ஆண் பாம்பு பல பத்து ஹெக்டேர் பரப்பில் நடமாடுவது தெரியவந்தது. நாள்தோறும் நடக்காவிட்டாலும், நடக்க வேண்டிய பருவத்தில் நெடுந்தொலைவு நடக்கிறது. அதற்கு ஈடாக எந்தப் பெட்டியையும் சொல்ல முடியாது.

உதட்டில் ஒரு வெப்பமானி

உணவு கொடுப்பது எளிது என்று கேள்விப்பட்டவர்கள், எதைக் கொடுப்பது என்று யோசிப்பதில்லை. கொல்லப்பட்டு உறையவைத்த எலிகளைத்தான் பெரும்பாலோர் கொடுக்கின்றனர். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவது எலிக்குக் கொடுமை. பசியற்ற பாம்பை எலியே கடித்துப் புண்ணாக்கிவிடுவதும் உண்டு. ஆக, அம்மா சமைத்த குழம்பு இருக்கும் குளிர்பதனப் பெட்டியில் எலிப் பொட்டலமும் இருக்க வேண்டும்! குடும்பத்தார் அனைவரும் இதற்கு இசைவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

உறைந்த எலியை உருகவைத்து, வெந்நீரில் வைத்து 38° செ. அளவுக்குச் சூடாக்கிக் கொடுக்கிறார்கள். ஏன் சூடாக்க வேண்டும்? கம்பள மலைப்பாம்பின் உதட்டோரத்தில், முக்கியமாகக் கீழுதட்டில், வரிசையாகச் சிறு குழிகள் இருக்கின்றன. அவை அகச்சிவப்புக் கதிர்களை உணரும் உறுப்புகள். ஒரு பொருளின் வெப்பநிலையைக் கெல்வினில் கொண்டு 2898ஐ வகுத்தால், அது மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும் என்பது வீன் விதி. எலியின் மேற்பரப்பு 33° செ., அதாவது 306 கெல்வின் எனக் கொண்டால் விடை ஏறத்தாழ 9.5 மைக்ரான். நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியின் அலைநீளம் 0.7 மைக்ரான் அளவே. நமக்குக் கும்மிருட்டாக இருக்கும் இரவில், குளிர்ந்த புல்தரையின் முன் ஓடும் எலி மலைப்பாம்புக்குத் தனித்துத் தெரிகிறது. இக்குழிகளிலுள்ள நரம்பு முனைகளில் வெப்பத்தால் திறக்கும் ஒரு புரதவாயில் இருப்பதை 2010இல் அறிவியலாளர்கள் கண்டறிந்தனர்.

இப்போது இன்னொன்றை எண்ணிப் பாருங்கள். நம் கையின் மேற்பரப்பும் ஏறக்குறைய அதே வெப்பநிலைதான். எலியைத் தொட்ட வாடையோடு அந்தக் கை பெட்டிக்குள் நுழைந்தால் பாம்பு எப்படி வேறுபடுத்தும்? வளர்ப்போர் பெறும் கடிகளில் பல இவ்வாறு நேர்பவையே. நஞ்சில்லாவிட்டாலும், பின்னோக்கி வளைந்த ஊசிப் பற்கள் வரிசையாகப் பதியும். கையைச் சட்டென்று இழுத்தால் தோல் கிழியும். உணவு தராத நாட்களில், பெட்டியைத் திறந்தவுடன் ஒரு வளைந்த கம்பியால் பாம்பின் உடலை மெல்லத் தொட்டு, "இது சாப்பாட்டு வேளை இல்லை" என்று பழக்குகிறார்கள். நல்ல உத்திதான். வளர்ந்த பெரிய பாம்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு படம் பிடித்துக்கொள்வது மட்டும் எவ்வகையிலும் அறிவுடைமை ஆகாது. தூக்குகையில் அருகில் இன்னொருவர் இருப்பது நல்லது.

தாய்ப்பாம்பின் நடுக்கம்

வெப்பத்தைக் கடன் வாங்கி வாழும் இப்பிராணி ஒரே ஒரு வேளையில் தானே வெப்பம் உண்டாக்குகிறது. பெண் பாம்பு முட்டையிட்டதும் அவற்றைக் குவித்துச் சுற்றிக்கொண்டு படுக்கும். குட்டிகள் பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அதுவரை பெரும்பாலும் உண்பதில்லை. காற்று குளிர்ந்தால் அதன் தசைகள் விட்டுவிட்டுத் துடிக்கத் தொடங்கும். குளிரில் நாம் நடுங்குவது போன்றதே இது. இவ்வாறு நடுங்கி, சுற்றுப்புறத்தைவிடப் பல டிகிரி கூடுதலாக முட்டைகளைச் சூடாக வைத்திருக்கிறது. வைர மலைப்பாம்பின் இந்நடுக்கத்தை ஆஸ்திரேலிய அறிஞர்கள் அளந்து 1984இல் வெளியிட்டனர்.

சுருள்வதில் ஒரு வடிவக்கணிதம் உண்டு. 2 மீட்டர் நீளமும் சராசரி 4 செ.மீ. விட்டமும் கொண்ட பாம்பை ஓர் உருளையாகக் கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர செ.மீ. அதே கனஅளவுள்ள கோளத்தின் பரப்பு 900 சதுர செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. பாம்பு முழுமையான கோளமாக மாற இயலாது. ஆயினும் இறுகச் சுருளும்போது வெப்பம் வெளியேறும் பரப்பு வெகுவாகக் குறைகிறது. ஒரே அளவு வெந்நீரை ஒரு குண்டுச் செம்பிலும் ஓர் அகன்ற தட்டிலும் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து வெப்பமானியால் அளந்து பாருங்கள். தட்டில் ஆவியாதலும் கூடுதலாக நிகழும். அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வளர்ப்போர் பலர் முட்டைகளைத் தாயிடமிருந்து எடுத்து அடைகாப்புப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். பொரியும் விகிதம் கூடலாம். தாய்ப்பாம்பின் மிக அரிய செயல் ஒன்று அங்கு நடைபெறாமலே போகிறது.

நிறத்துக்காகச் செய்யும் கலப்பு

வளர்ப்புப் பாம்புகளில் புதுப்புது நிறக்கோலங்களுக்கு நல்ல விலை கிடைக்கிறது. நார்வே நாட்டில் வளர்ப்புப் பாம்பொன்றில் தோன்றிய 'ஜாகுவார்' என்னும் நிறக்கோலம் இவற்றுள் பெயர் பெற்றது. மெண்டல் விதிகளைப் படித்த நீங்கள் இதை எளிதில் புரிந்துகொள்வீர்கள். இந்த மரபணுவின் ஒரு படி இருந்தால் பாம்பு அழகிய மஞ்சள் கோலம் பெறுகிறது. இரண்டு ஜாகுவார் பாம்புகளை இணைத்தால் 1:2:1 என்ற விகிதப்படி நான்கில் ஒரு பங்குக் குட்டிகளுக்கு இரண்டு படிகள் வந்து சேரும். அவை வெண்ணிறமாக உருவாகி, முட்டைக்குள்ளோ வெளிவந்தவுடனோ இறந்துவிடுகின்றன. ஒரு படி மட்டும் உள்ள பாம்புகளிலும் தலை ஆடுதல், நிலை தடுமாறிப் புரளுதல் முதலிய நரம்புக் கோளாறுகள் காணப்படுகின்றன. சிலவற்றில் இலேசாக, சிலவற்றில் கடுமையாக. இதை அறிந்தும் விற்பதும் வாங்குவதும் நடைபெறுகின்றன. என் கருத்தில், பாம்பு வளர்ப்பில் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாத பகுதி இதுவே.

வீட்டாருக்கும் காட்டுக்கும் நேர்பவை

ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா சாதாரணமாக வாழ்கிறது. பாம்புக்கு அதனால் நோயில்லை. நமக்கோ வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். சிறு ஆமைகளைக் கையாண்ட குழந்தைகளுக்கு இந்நோய் பரவியதால், அமெரிக்க அரசு 1975இல் 10 செ.மீ.க்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையையே தடை செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வனவற்றை வைக்கலாகாது என்பது மருத்துவர் அறிவுரை. மற்றவர்களும் தொட்டபின் சோப்பினால் கை கழுவ வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் மலைப்பாம்பு வளர்க்கப் பொதுவாக மாநில அரசின் உரிமம் வேண்டும். காட்டிலிருந்து பிடித்துவரக் கூடாது. உரிமம் பெற்றவர்களிடமே வாங்க வேண்டும். அண்டை நாடான நியூசிலாந்து பாம்பு வளர்ப்பை அறவே தடுத்துள்ளது. அங்குள்ள பறவைகள் பாம்பை அறியாதவை. ஆஸ்திரேலியாவும் உயிருள்ள தன் ஊர்வனவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய இசைவதில்லை. ஆனால் நியூகினித் தீவின் இந்தோனேசியப் பகுதியிலிருந்து மலைப்பாம்புகள் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. 'பண்ணையில் பிறந்தவை' என்ற சீட்டை எவ்வளவு நம்பலாம்? கம்பள மலைப்பாம்பின் நெருங்கிய உறவான பச்சை மலைப்பாம்பைப் பற்றி 2011இல் வெளிவந்த ஆய்வு, பண்ணைப் பிறப்பு என்ற பெயரில் இந்தோனேசியாவிலிருந்து ஏற்றுமதியானவற்றில் குறைந்தது 80 விழுக்காடு காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை என்று கணித்தது.

சலித்துப்போனவர்கள் பாம்பை வெளியே விட்டுவிடுவது எல்லாவற்றிலும் கேடானது. மலைப்பாம்பு 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. பதினைந்து வயதில் ஆசையாக வாங்கியவருக்கு முப்பத்தைந்து வயதாகும்போதும் அது பெட்டியில் இருக்கும். கல்லூரி, வேலை, திருமணம், வீடு மாற்றம் எல்லாவற்றுக்கும் கூடவே வரும். அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்பு நிலத்தில் செல்லப் பிராணி வணிகத்தின் வழியாக வந்து பெருகிய பர்மிய மலைப்பாம்புகள், அங்குள்ள பாலூட்டிகளைப் பேரளவில் குறைத்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் கம்பள மலைப்பாம்பை விடுவித்தால் அது சொந்த நாடுதானே என்று நினைப்பதும் தவறு. 2008இல் அங்கு வளர்ப்பு மலைப்பாம்புகளிடையே நரம்பு நோய் ஒன்று பரவியது. அதை ஆராய்ந்தபோது அதுவரை அறியப்படாத வைரஸ் ஒன்று அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. பெட்டியில் வளர்ந்த பாம்பு தன் நோயையும் சேர்த்தே காட்டுக்குக் கொண்டுபோகும்.

கூரைமேல் ஒரு குடியிருப்பு

இனி, தொடக்கத்தில் கூறிய கூரைப் பாம்புக்கு வருவோம். தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தின் புறநகர்களில் இப்பாம்புகள் எப்படி வாழ்கின்றன என்பது பற்றி 2001இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. எலிகளையும், போஸம் என்னும் மரவாழ் பாலூட்டிகளையும், சில வேளைகளில் வளர்ப்புக் கோழி, பூனை முதலியவற்றையும் அவை உண்கின்றன. கோழி வளர்ப்போர் சினம் கொள்வது இயல்பே. உறுதியான வலைக்கூண்டு அமைத்துவிட்டால் அச்சண்டை தீர்ந்துவிடும். தானியக் கிடங்கிலுள்ள கம்பள மலைப்பாம்பை எலி பிடிப்பதற்காக விரட்டாமல் விட்டுவைத்த உழவர்களும் அந்நாட்டில் உண்டு.

அந்தக் கூரையின் உட்புறத்தை ஓர் இயற்பியல் மாணவனின் கண்ணால் பாருங்கள். வெயிலில் காயும் தகட்டையொட்டிய இடம் மிகச் சூடு. கீழே உட்கூரையின் மேல் மிதமான சூடு. நிழல்விழும் சுவரோர மூலை குளிர்ச்சி. ஒரு மீட்டர் நகர்ந்தால் வேறொரு வெப்பநிலை. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கும் தெர்மோஸ்டாட்டும் வைத்து நாம் அமைக்க முயல்வது இதைத்தான். இங்கோ பாம்புக்கு வாயிலும் திறந்திருக்கிறது. வளர்ப்பதா வேண்டாவா என்று என்னைக் கேட்டால், பாம்பை விரும்புகிறவர் அந்த ஊரில் பிறந்திருந்தால் கூரையிலுள்ளதை அங்கேயே விட்டுவைத்து, அதன் போக்குவரவைக் குறித்துவருவதே மேல் என்பேன். உரிமம் பெற்று, பெரிய பெட்டி அமைத்து, இருபது ஆண்டுப் பொறுப்பையும் ஏற்கத் துணிந்தவரை நான் குறைகூற மாட்டேன். அத்தகையோர் சிலரே.

நம் நாட்டில் இக்கேள்விக்குச் சட்டமே பெரும்பாலும் விடை சொல்லிவிடுகிறது. இந்திய மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டு மலைப்பாம்புகளையும் இச்சட்டம் விட்டுவைக்கவில்லை. 2022இல் செய்யப்பட்ட திருத்தமும் 2024இல் வந்த விதிகளும், பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் வரும் உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. மலைப்பாம்பினங்கள் அனைத்தும் அவ்வுடன்படிக்கையில் அடங்கும். இருந்தும் சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளுக்குள் துணிப்பைகளில் கட்டிக் கடத்திவரப்பட்ட வெளிநாட்டு மலைப்பாம்புக் குட்டிகளைச் சுங்கத்துறையினர் அண்மை ஆண்டுகளில் பலமுறை பிடித்துள்ளனர்.

மலைப்பாம்பைக் காண விரும்புவோர் சென்னை கிண்டியிலுள்ள பாம்புப் பண்ணைக்குச் செல்லலாம். இது 1972இல் தொடங்கப்பட்டது. போகும்போது ஒரு குறிப்பேடு கொண்டுபோங்கள். மலைப்பாம்பு இருக்கும் இடத்தில் வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே, நீர்த்தொட்டி எங்கே என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, உச்சிவேளையில் ஒருமுறை, புறப்படுமுன் ஒருமுறை பாம்பு எந்த இடத்தில், சுருண்டா நீண்டா கிடக்கிறது என்பதைப் படத்தில் குறியுங்கள். மார்கழியில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் இதைச் செய்து இரு படங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.